தரைக்கடியில் மூட்டிய தீ

கொரியத் தொடர்களைப் பார்க்கிறவர்கள் கவனித்திருக்கலாம். கூடத்தில் நல்ல விலை கொடுத்து வாங்கிய சோபா கிடக்கும். வீட்டுக்காரர் அதில் உட்கார மாட்டார். கீழே தரையில் அமர்ந்து, சோபாவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு டிவி பார்ப்பார். ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். சியோலில் ஜனவரி இரவு பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரிக்கு இறங்குவது புதிதல்ல. அந்தக் குளிரில் ஒருவர் சோபாவை விட்டுவிட்டுத் தரையைத் தேடுகிறார் என்றால், வீட்டிலேயே கதகதப்பான இடம் அதுதான் என்று பொருள். தரையைச் சூடாக்கும் இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் ஒண்டோல். வயது 2000 ஆண்டுகளுக்கு மேல்.

கொரியத் தீபகற்பத்தின் வடகிழக்கிலும் அதை ஒட்டிய ரஷ்யக் கடலோரத்திலும் அகழ்ந்த பழைய குடியிருப்புகளில், அடுப்பிலிருந்து புறப்பட்டுச் சுவரோரமாகவே நீண்டு வெளியேறும் கல் புகைப்பாதைகள் கிடைத்திருக்கின்றன. அன்று அறை முழுவதும் சூடாகவில்லை. சுவரை ஒட்டிய பகுதி மட்டுமே சூடானது. பண்டைய கொரிய நாடான கோகுர்யோவில் குளிர்காலத்தில் நீண்ட பள்ளம் அமைத்து, அடியில் தீயிட்டுக் குளிர்காய்கிறார்கள் என்று 10-ஆம் நூற்றாண்டில் சீனத்தில் தொகுக்கப்பட்ட தாங் வம்ச வரலாறு குறிப்பிடுகிறது. ரோமானியர்களும் தரைக்கடியில் தீ மூட்டியவர்கள்தான். ஆனால் அது பொதுக் குளியல் கூடங்களுக்கும் செல்வந்தர் மாளிகைகளுக்கும் உரிய சுகம். கொரியாவில் எளியவர் வீட்டில் வேரூன்றிய பிறகே அது மேல்தட்டுக்குப் போனது. பின்னர் வந்த கோர்யோ அரசின் பிற்காலத்தில் புகைப்பாதை அறை முழுவதும் பரவியது; 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் வடக்கு, தெற்கு, ஏழை, பணக்காரர் என்ற பேதமின்றி எல்லா வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது.

பழைய கொரிய வீட்டில் சமையற்கட்டின் தரை, அடுத்த அறையின் தரையைவிடத் தாழ்வாக இருக்கும். சுவரோரம் மண் அடுப்பு. மேலே கனத்த இரும்புக் கொப்பரை. அதில் சோறு வேகும். அடுப்பு வாயில் வைக்கோலையோ பைன் சுள்ளியையோ தள்ளிப் பற்றவைத்தால், புகை கூரைக்குப் போகாது; சுவருக்கு அந்தப்புறம் உள்ள அறையின் தரைக்கடியில் நுழையும். நுழைகிற இடத்தில் ஒரு மேடு வைத்திருப்பார்கள். சாம்பலும் தணலும் இந்தப்புறமே தங்கிவிடும். சூடான புகை மட்டும் மேட்டைத் தாண்டும். அப்பால் கல்லும் மண்ணும் வைத்துப் பிரித்த வாய்க்கால்கள். அவற்றின் மேல் பலகைக் கற்கள். அடுப்புக்குப் பக்கத்தில் தடித்த கல்லாகவும், தூரம் போகப்போக மெல்லிய கல்லாகவும் பார்த்துப் பரப்புவார்கள். தீக்கு அருகிலுள்ள கல் சட்டென்று தகித்துவிடாமல் இரவெல்லாம் சூட்டைப் பிடித்துவைக்க வேண்டும். தொலைவிலுள்ள கல்லோ எஞ்சி வரும் கொஞ்ச சூட்டிலேயே வெதுவெதுப்பாகிவிட வேண்டும். கற்களின் மேல் மண் பூச்சு, அதன்மேல் கெட்டிக் காகிதம், அதன்மேல் இடைவெளி விடாமல் தடவிய சோயா எண்ணெய். காய்ந்ததும் தரை மஞ்சள் பூத்துப் பளபளக்கும். புகை தன் சூட்டையெல்லாம் கற்களுக்குக் கொடுத்துவிட்டு மறுகோடியிலுள்ள புகைபோக்கி வழியே வெளியேறும். மாலைச் சோற்றை ஆக்கிய தீயே இரவுத் தூக்கத்தையும் பார்த்துக்கொண்டது.

எவ்வளவு கணக்கிட்டுக் கல் பதித்தாலும் அடுப்பை ஒட்டிய பகுதிதான் அதிகம் சுடும். எதிர் மூலை சில்லிடும். சூடான அந்த இடத்துக்கு அரேன்மோக் என்று பெயர். அது தாத்தாவுக்கும் பாட்டிக்கும் உரியது. விருந்தாளி வந்தால் அவருக்கு. உடம்பு சரியில்லாதவரையும் பிள்ளை பெற்றவளையும் அங்கேதான் படுக்கவைப்பார்கள். அப்பா நேரம் கழித்து வருவார் என்றால், மூடி போட்ட கிண்ணத்தில் சோற்றை வைத்து அரேன்மோக்கில் விரித்த போர்வைக்கடியில் செருகிவைப்பாள் அம்மா. அதே போர்வைக்குள்தான் பிள்ளைகளும் கால்களை நீட்டிக்கொண்டு உட்காருவார்கள். கிண்ணத்தைத் தட்டிவிட்டவனுக்கு வசவு விழும். வாசலில் செருப்பைக் கழற்றுவது, தாழ்ந்த மேசையில் சாப்பிடுவது, காலையில் படுக்கையை மடித்து அறையைக் காலி செய்வது எல்லாமே இந்தத் தரையோடு ஒட்டி வளர்ந்த பழக்கங்கள்.

இந்தச் சுகத்துக்கு விலை கொடுத்தது காடு. எல்லா வீட்டிலும் எல்லா இரவும் அடுப்பு எரிந்தால் மலை எத்தனை காலம் தாங்கும்? கோர்யோவுக்குப் பின் வந்த ஜோசன் அரசர்கள் பைன் மரம் வெட்டத் தடை போட்டும் ஊரை ஒட்டிய குன்றுகள் மொட்டையாயின. ஜப்பானியக் காலனி ஆட்சியும் 1950-53 கொரியப் போரும் மிச்சத்தையும் அழித்தன. தென் கொரியாவின் பெரிய காடு வளர்ப்புத் திட்டம் 1973-இல் தொடங்கியது. நட்ட கன்று மரமாக வேண்டுமானால், விறகு வெட்டுகிற கைக்கு வேறு எரிபொருள் கொடுத்தாக வேண்டும். அதைக் கொடுத்தது, முன்பே புழக்கத்துக்கு வந்திருந்த, நிலக்கரித் தூளை அச்சில் அழுத்திச் செய்த யோன்தான் என்ற கரிக்கட்டி. உருளை வடிவம், மேலிருந்து கீழ்வரை 22 துளைகள், எடை மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல்.

காட்டைக் காப்பாற்ற உதவிய கரிக்கட்டி, வீட்டுக்குள் எமனாகவும் வந்தது. எரிகிற கட்டியின் மேல் புதுக் கட்டியைத் துளைக்குத் துளை பொருந்தும்படி அடுக்க வேண்டும். அப்போதுதான் தீ மேலே ஏறும். சில மணி நேரத்துக்கொருமுறை மாற்ற வேண்டும் என்பதால் நள்ளிரவில் யாராவது எழுந்தே ஆக வேண்டும். தரையில் மயிரிழை விரிசல் விட்டிருந்தால்கூட கார்பன் மோனாக்சைடு அறைக்குள் கசியும். நிறமோ மணமோ இல்லாத வாயு. தூங்கியவர்கள் தூங்கியபடியே போனார்கள். 1960-களிலும் 70-களிலும் குளிர்காலம் வந்தாலே செய்தித்தாள்களில் இந்தச் சாவுகளும் வந்தன. மயங்கிக் கிடப்பவரை வெளியே இழுத்துப்போட்டு, முள்ளங்கிக் கிம்ச்சியின் புளித்த தண்ணீரைப் புகட்டுவது அன்றைய கைவைத்தியம். எரிந்து வெளுத்த கட்டியைக்கூட வீணாக்கவில்லை. பனி உறைந்த மேட்டுத் தெருவில் உடைத்துப் பரப்பினார்கள், நடப்பவர் வழுக்கி விழாமலிருக்க.

புகையைத் தரையிலிருந்து வெளியேற்றியது வெந்நீர்க் குழாய். இந்த யோசனைக்கு அமெரிக்காவிலும் ஒரு கிளைக்கதை உண்டு. கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் லாய்ட் ரைட் 1910-களில் டோக்கியோவில் பிரபு ஒகுராவின் வீட்டு விருந்துக்குப் போனார். குளிரில் நடுங்கியவரை அங்கிருந்த கொரிய அறைக்கு அழைத்துப்போனார்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து வந்த அந்தச் சூடு அவரை அசத்திவிட்டது. விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் 1937-இல் கட்டிமுடித்த ஜேக்கப்ஸ் வீட்டின் தரைக்கடியில் சூடேற்றும் குழாய்களைப் பதித்தார். கொரியாவிலோ அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகப் பெருகக் கற்களின் இடத்தைக் குழாய்கள் பிடித்தன. 1986-இல் திரவ இயற்கை எரிவாயு கப்பலில் வந்திறங்கத் தொடங்கிய பிறகு, கரிக்கட்டியை எரிவாயு பாய்லர் மெல்ல ஒதுக்கியது.

இன்று இருபதாவது மாடியிலும் ஒண்டோல் இருக்கிறது. அறைக்கு அறை சுவரில் ஒரு சிறிய திரை; வேண்டிய டிகிரியை வைத்தால் போதும். வெளியூர் போகும்போது குழாய் உறையாத அளவுக்கு மட்டும் சூட்டை வைத்திருக்கத் தனிப் பொத்தான் உண்டு. தரை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை ஒரே சூடு. ஆகவே அரேன்மோக் என்ற இடமும் இல்லை. பெரியவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதும் இல்லை. அவரவர் அறையில் அவரவர் சூடு. பழைய தகிப்புக்கு ஏங்குகிற வயதானவர்கள் மின்சாரத்தில் சூடேறும் கல் கட்டில் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். 2018-இல் ஒண்டோல் பண்பாட்டை நாட்டின் தொட்டறிய முடியாத மரபுச் செல்வமாக அரசு அறிவித்தபோது, இதைக் காக்கும் கலைஞர் என்று எவரையும் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. நாடே கடைப்பிடிப்பதற்கு யாரைக் குறிப்பது?

கல் போய்க் குழாய் வந்ததில் நஷ்டமென்று புலம்ப எனக்கு மனமில்லை. மலைகள் மீண்டும் பச்சையாகின. தென் கொரியாவின் நிலப்பரப்பில் 60 சதவீதத்துக்கு மேல் இன்று காடு. விஷவாயுவுக்குப் பயந்து யாரும் கண்விழிக்க வேண்டியதில்லை. ஆனால் சுள்ளி பொறுக்கியாவது தரையைச் சூடாக்கிக்கொள்ள அன்று ஏழைக்கு ஒரு வழி இருந்தது. இன்று மீட்டர் ஓடுகிறது. 2022-23 குளிர்காலத்தில் எரிவாயு விலை ஏறியபோது சூடேற்றும் கட்டணம் கட்சிகளுக்கிடையே சண்டையாகவே வெடித்தது. சியோலின் பளபளக்கும் கங்னாம் கோபுரங்களின் எதிரிலுள்ள குர்யோங் குடிசைப் பகுதியில் சமீப ஆண்டுகள்வரை முதியவர்கள் கரிக்கட்டியைத்தான் நம்பியிருந்தார்கள். டிசம்பரில் தன்னார்வலர்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி அவர்கள் வாசலில் அடுக்கிவிட்டுப் போவார்கள். அந்தக் காலத்தில் சூடும் குளிரும் ஒரே அறையின் இரண்டு மூலைகளில் இருந்தன. தாத்தா கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால் பேரனுக்கும் இடம் கிடைத்தது. இன்று அவை வெவ்வேறு வீடுகளில் இருக்கின்றன. அங்கே நகர்ந்து இடம் கொடுக்க வேண்டியது அரசும் ஊரும்தான்.