டாஸ்க் மேனேஜர் திறக்கவில்லையா?

திருவெண்ணெய்நல்லூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், "உங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் இதை முடக்கியுள்ளார்" என்று செய்தி வருகிறது. வீட்டில் அட்மினிஸ்ட்ரேட்டரே அவர்தான்! கடையில் பார்மட் செய்யச் சொல்லிவிட்டார்களாம். மகள் கல்யாணப் போட்டோக்கள் எல்லாம் சி டிரைவில். வேறு காப்பி கிடையாது.

பார்மட் வரை போக வேண்டாம். ரெஜிஸ்ட்ரியில் டிஸேபிள்டாஸ்க்எம்ஜிஆர் என்ற மதிப்பு 1 ஆக இருந்தால் டாஸ்க் மேனேஜர் திறக்காது. அலுவலகங்களுக்காக மைக்ரோசாப்ட் தந்த வசதி இது. வைரஸ்களும் இதைப் பயன்படுத்துகின்றன. அவற்றை நாம் நிறுத்திவிடக் கூடாதல்லவா? 2005ல் பரவிய பிரான்டாக், ரெஜிஸ்ட்ரி எடிட்டரை இதே பாணியில் முடக்கியது.

முதலில் போட்டோக்களை பென் டிரைவில் காப்பி செய்யுங்கள். அதை ஸ்கேன் செய்யாமல் வேறு கம்ப்யூட்டரில் செருகாதீர்கள். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில், ஸ்கேன் ஆப்ஷன்ஸ் சென்று, டிபெண்டர் ஆப்லைன் ஸ்கேன் கொடுங்கள். வைரஸை விட்டுவிட்டு மதிப்பை மட்டும் மாற்றினால், அது மீண்டும் 1 ஆக்கிவிடும்.

அடுத்து விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தி, ரெஜெடிட் என டைப் செய்யுங்கள். ஹெச்கீ கரண்ட் யூசர், சாப்ட்வேர், மைக்ரோசாப்ட், விண்டோஸ், கரண்ட் வெர்ஷன், பாலிசீஸ், சிஸ்டம் என்று உள்ளே போய், அந்த ஒரு மதிப்பை மட்டும் டெலீட் செய்யுங்கள். மற்றதைத் தொடாதீர்கள். இந்த அமைப்பு ஒவ்வொரு யூசருக்கும் தனி. எனவே ரெஜிஸ்ட்ரி எடிட்டரும் திறக்காவிட்டால், இன்னொரு யூசர் அக்கவுண்ட்டில் நுழைந்து பாருங்கள். அங்கே எல்லாம் திறந்தால் கோளாறு உங்கள் அக்கவுண்ட்டில் மட்டும்தான்.

பக்கத்து வீட்டில் ஸ்கேன் முடிய 20 நிமிடம் ஆனது. போட்டோக்கள் பத்திரம்.