கவுன்சிலர் இல்லாத ஆண்டுகள்

சட்டமன்றங்களிலும் உள்ளாட்சி மன்றங்களிலும் போதிய இடம் பெறாத பிரிவினருக்கு இடஒதுக்கீடு அளித்தால் அவர்களுடைய தெருவுக்குக் குடிநீரும் சாலையும் வந்துசேருமா என்னும் கேள்விக்கு விடை தேடும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பலர் இந்தியாவையே களமாகக் கொள்கின்றனர். 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசியல் சட்டத் திருத்தத்தின்படி ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு, அந்த ஒதுக்கீடு தேர்தலுக்குத் தேர்தல் வெவ்வேறு ஊராட்சிகளுக்குச் சுழன்று வருவதால், ஒதுக்கீடு பெற்ற ஊர்களையும் பெறாத ஊர்களையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. இவ்வகையில் மேற்கு வங்கத்தின் பீர்பூம், ராஜஸ்தானின் உதய்ப்பூர் ஆகிய மாவட்டங்களை ஆராய்ந்த ராகவேந்திர சட்டோபாத்யாயவும், பின்னாளில் பொருளியல் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்லோவும், பெண்கள் தலைமையேற்ற ஊராட்சிகள், பெண்கள் அதிகம் முறையிடும் குடிநீர்ப் பணிகளில் கூடுதலாக முதலிட்டதை 2004இல் வெளியான கட்டுரையில் நிறுவினர்.

நகரத்தில் பிரதிநிதித்துவத்துக்கும் வசதிகளுக்குமான இந்தத் தொடர்பு இன்னும் சிக்கலானது. பெங்களூரை நெடுங்காலம் ஆராய்ந்த சாலமன் பெஞ்சமின், ஏழை மக்கள் தண்ணீருக்கும் குடியிருக்கும் இடத்துக்குமான கோரிக்கைகளைக் கவுன்சிலர் வழியாகவே மாநகராட்சிக்குக் கொண்டுசெல்கின்றனர் என்றும், மக்கள் தேர்ந்தெடுக்காத வளர்ச்சி ஆணையம் போன்ற அமைப்புகளில் அவர்களுக்கு அத்தகைய பிடி இல்லை என்றும் விளக்குகிறார். வசதி படைத்தோர் ‘ஓட்டு வங்கி அரசியல்’ என்று முகம்சுளிக்கும் இந்த உறவே ஏழைகளின் கைக்கு எட்டும் அரசாங்கமாக இருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

ஆனால் கவுன்சிலர் இருந்தாலே போதும் என்று சொல்ல ஈஜிபுரா இடம்கொடுக்கவில்லை. பெங்களூரில் கோரமங்கலாவை ஒட்டிய இப்பகுதியில், பொருளாதாரத்தில் நலிந்தோருக்காக மாநகராட்சி கட்டிய வீடுகள் சிதைந்த பின்னரும் அதே நிலத்தில் கொட்டகை போட்டு வாழ்ந்த ஏறத்தாழ 1,500 குடும்பங்கள் 2013 ஜனவரியில் வெளியேற்றப்பட்டன. அவர்களில் தலித்துகளும் தமிழ் பேசுவோரும் சிறுபான்மையினரும் மிகுதி. நிலத்தின் ஒரு பகுதியில் தனியார் வணிக வளாகம் அமைக்க ஒப்பந்தம் ஆகியிருந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட மாநகராட்சி மன்றம் நகரில் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. மன்றத்தில் நாற்காலி கிடைப்பது ஒன்று, நிலத்தைப் பற்றிய முடிவில் பங்கு கிடைப்பது வேறொன்று என்பதை இதைவிடக் கொடுமையாக எந்த ஆய்வும் காட்டிவிட முடியாது.

அந்தக் குறைந்தபட்ச நாற்காலியும் பின்னர் பறிபோனது. 198 வார்டுகளுக்கு 2015இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பர் 10 அன்று முடிந்தபின், நகரம் அதிகாரிகளின் பொறுப்பில் விடப்பட்டது. பதவிக்காலம் முடிவதற்குள் நகராட்சித் தேர்தலை நடத்த வேண்டும் என 74ஆம் திருத்தம் கட்டாயமாக்கியுள்ளது. 2006இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. எனினும் 2025இல் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டபோதும் தேர்தல் நடந்திருக்கவில்லை. பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகை விகிதத்திலும், கர்நாடகச் சட்டப்படி பெண்களுக்குப் பாதியளவிலும் உரிய இடங்கள் அத்தனை ஆண்டுகளும் ஏட்டளவிலேயே இருந்தன. பணமுள்ளோர் அதிகாரியை நேரில் அணுக முடியும். ஈஜிபுராவின் ஏழைக்கு அந்த வழியும் கிடையாது. ஆகவே ஐந்தாண்டு கடந்த இந்தத் தாமதத்தை நிர்வாகச் சிக்கல் என்று சொல்லி மன்னிக்க இயலாது. அது வாக்கைத் தவிர வேறு பிடியில்லாத மக்களின் அரசியல் உரிமையைப் பறித்த செயல்.