வெயில் ஏறுமுன் கரையேறுவோம்

ஜனவரி முதல் மார்ச் வரை கெடாவின் மெர்போக் வட்டாரத்தில் வானம் கைவிரித்துவிடும். வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தானிலும் திரெங்கானுவிலும் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, நடுவிலிருக்கும் மலைத்தொடரைத் தாண்டிக் கெடாவுக்கு வரும்போது வறண்ட காற்றாகத்தான் வருகிறது. ஜெராய் மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் இளைத்துப்போகும். எண்ணெய்ப்பனைத் தோட்டத்து வாய்க்கால்களில் சேறு வெடிக்கும். சீனப் புத்தாண்டு விடுமுறையும் இந்த நாட்களில்தான் வருகிறது. படகும் அனுபவமும் உள்ள உள்ளூர் வழிகாட்டியை ஏற்பாடு செய்துகொண்டு, நண்பர்கள் சேர்ந்து ஏரிக்குப் போய் நாள் முழுக்கத் தூண்டில் போட்டுவிட்டு வருவதும் இப்போதுதான் களைகட்டும். அந்த ‘நாள் முழுக்க’ என்ற வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்பதே என் வாதம். வெயில் மாதங்களில் வழிகாட்டியோடு போகும் மீன்பிடிப் பயணம் விடியலில் தொடங்கிக் காலை 11 மணிக்குள் முடிய வேண்டும். எத்தனை மீன் என்பதற்கு முன்கூட்டியே வரம்பு வேண்டும். ‘போதும், திரும்புவோம்’ என்று சொல்லும் உரிமை காசு கொடுத்தவரிடம் அல்லாமல் வழிகாட்டியிடம் இருக்க வேண்டும்.

மெர்போக் ஆறு பெரும்பகுதி உப்பேறிய கழிமுக ஆறு. இரு கரையிலும் சதுப்புநிலக் காடு. நன்னீர் மீன் தேடுகிறவர்கள் தெற்கே மூடா ஆற்றுக்கோ, கிழக்கே சீக், பாடாங் தெராப் பக்கத்து அணைக்கட்டு ஏரிகளுக்கோதான் போக வேண்டும். பெடு, மூடா ஆகிய இரண்டு ஏரிகளும் 1966 முதல் 1970 வரை நடந்த மூடா பாசனத் திட்டத்தில் பிறந்தவை. மலையைக் குடைந்த 6.8 கிலோமீட்டர் சுரங்கம் மூடா ஏரியின் நீரைப் பெடு ஏரியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அங்கிருந்து சுமார் 96,000 ஹெக்டேர் வயலின் இருபோக நெல்லுக்கு அது பாய்கிறது. சீக் மாவட்டத்து பெரிஸ் அணை 2004-இல் கட்டி முடிக்கப்பட்டது. மூடா ஆற்றில் நீரோட்டம் குறையாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. பினாங்கின் குடிநீருக்கு எடுக்கப்படும் நீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் அந்த ஆற்றிலிருந்துதான் வருகிறது. ஆக, இவை உல்லாசத்துக்காக வெட்டிய ஏரிகள் அல்ல. மழை இல்லாதபோது வயலும் வீடும் இவற்றிலிருந்துதான் குடிக்கின்றன. நீர்மட்டம் இறங்குவதும் அப்போதுதான். தோமான், ஹருவான் (நாம் விரால் என்பது), செபாராவ் ஆகிய மீன்களெல்லாம் சுருங்கிவரும் அந்த நீருக்குள் ஒடுங்குகின்றன.

நீர் சூடாகும்போது என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். 25 டிகிரி செல்சியஸ் நன்னீரில் லிட்டருக்கு அதிகபட்சம் ஏறக்குறைய 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது 7.6 ஆகவும், 35 டிகிரியில் 7-க்குச் சற்றுக் குறைவாகவும் இறங்கிவிடும். மறுபக்கம், மீன் குளிர்ரத்த உயிர். நீரின் சூடே அதன் உடம்பின் சூடு. வெப்பம் 10 டிகிரி ஏறினால் அதன் உடலியக்கம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், ஆக்சிஜன் தேவையும் அதோடு கூடும். வரவு குறைகிற நேரத்தில் செலவு ஏறுகிறது. ஆழமான ஏரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேலே சூடான நீர் ஓர் அடுக்காகவும் கீழே குளிர்ந்த நீர் வேறோர் அடுக்காகவும் பிரிந்து நின்றுவிடும். காற்றுப்படாத அடியடுக்கில் இலைதழை அழுகி ஆக்சிஜனைத் தின்றுவிடுவதால், குளிர்ச்சியைத் தேடி மீன் ஆழத்துக்கும் போக முடியாது. இரண்டுக்கும் நடுவிலுள்ள மெல்லிய பட்டையிலோ, காட்டோடை வந்து கலக்கும் வாய்ப்பகுதியிலோதான் அதற்கு இடம். அந்த வாய்ப்பகுதிகள் எங்கே என்பது நல்ல வழிகாட்டிக்கு மனப்பாடம். அவருடைய அறிவு மதிப்புள்ளதாவதும், அதே அறிவு ஆபத்தாக முடிவதும் அங்கேதான்.

‘வெப்பமண்டல மீனுக்கு வெயில் பழக்கம்தானே? தோமானும் விராலும் காற்றையே சுவாசிக்கின்றனவே?’ என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் பாதி உண்மை. வளர்ந்த தோமானும் விராலும் நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கியே வாழ்கின்றன; ஆக்சிஜன் குறைந்த நீர் மற்ற மீன்களைப்போல அவற்றை உடனே சாய்த்துவிடாது. ஆனால் அந்த வலிமைக்குள்ளேயே ஒரு பலவீனமும் இருக்கிறது. நெடுநேரம் இழுபட்டுச் சோர்ந்த தோமானை விடுவித்தால், மேலே எழும்பிக் காற்றை எடுக்கத் தெம்பில்லாமல் தண்ணீருக்குள்ளேயே மூச்சடைத்துச் சாகக்கூடும். செபாராவுக்கு அந்தக் காற்று வழியும் கிடையாது. ஓடும் நீரை விரும்பும் அது செவுளை மட்டுமே நம்பியிருக்கிறது. ஒரே படகில், ஒரே காலையில், ஒரே தூண்டிலில் இரண்டும் மாட்டும். தோமானின் உறுதியைப் பார்த்துவிட்டு செபாராவுக்கும் அதே கணக்குப் போடுவது தவறு.

தோமானைப் பிடிக்கும் முறையையும் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். மூழ்கிய மரங்களுக்கு இடையே ஓரிடத்தில் மட்டும் நீர் பொரிவதுபோல் சலசலக்கும். உற்றுப் பார்த்தால் விரல் நீளம்கூட இல்லாத நூற்றுக்கணக்கான செம்மஞ்சள் குஞ்சுகள் ஒன்றாகத் திரண்டு, சேர்ந்தாற்போல் மேலே வந்து காற்றை எடுத்துவிட்டுக் கீழே போகும். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். வழிகாட்டி படகை ஓசையில்லாமல் நிறுத்த, வந்தவர் ரப்பர் தவளையைக் குஞ்சுக் கூட்டத்துக்குள் வீசுகிறார். பெரிய மீன் பாய்ந்து கவ்வுகிறது. அது பசியில் கவ்வுவதில்லை. பிள்ளைகளுக்கு வந்த ஆபத்தை விரட்டுவதற்காகக் கவ்வுகிறது. பெற்ற மீன் கரைக்குப் போய்விட்டால் அந்தக் கூட்டத்தை மற்ற மீன்கள் சில நேரத்தில் தின்று தீர்த்துவிடும். நீர்மட்டம் இறங்கி மறைவிடம் குறைந்த மாதங்களில் இந்த இழப்பு இன்னும் பெரிது. குஞ்சோடு இருக்கும் தோமானுக்குத் தூண்டில் போடுவதில்லை என்று ஒரு வழிகாட்டி முடிவெடுத்தால், ஏரியின் வரப்போகும் பல ஆண்டுகளுக்கு அவர் கைகொடுத்தவராகிறார்.

‘நாங்கள்தான் பிடித்துப் பிடித்து விட்டுவிடுகிறோமே, அப்புறம் என்ன?’ என்பது அடுத்த கேள்வி. பிடித்து விடுவிக்கும் பழக்கம் நல்லது. அதைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் விட்ட மீனெல்லாம் பிழைத்த மீன் ஆகாது. 1992-இல் கனடாவில் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வானவில் டிரௌட் மீன்களைக் களைத்துப்போகும்வரை நீந்த வைத்துச் சோதித்தார்கள். நீரைவிட்டு வெளியே எடுக்காமல் விட்டவற்றில் 12 விழுக்காடு செத்தன. 30 வினாடி காற்றில் வைத்தவற்றில் 38 விழுக்காடும், 60 வினாடி வைத்தவற்றில் 72 விழுக்காடும் செத்தன. டிரௌட் குளிர்நாட்டு மீன். அந்த எண்களை அப்படியே பெரிஸ் ஏரிக்குக் கொண்டுவர முடியாது. களைப்பும் காற்றில் வைக்கும் நேரமும் ஒன்றுசேர்ந்து கொல்கின்றன என்ற அடிப்படையை மட்டும், செவுளை நம்பியிருக்கும் எந்த மீனுக்கும் பொருத்திப் பார்க்கலாம். ஒரு கைப்பேசிப் படத்துக்கு 60 வினாடி சாதாரணமாக ஆகிவிடுகிறது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஆற்று நீர் தொடர்ந்து மூன்று நாள் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், பிற்பகல் 2 மணியிலிருந்து நள்ளிரவுவரை தூண்டில் போடத் தடை விதிக்கிறார்கள்; பிடித்து விடுவிப்பவர்களுக்கும் விலக்கில்லை. நேர வரம்பு என்பது புதிதாக முளைத்த யோசனை இல்லை.

இதிலிருந்து நான் வந்துசேரும் முடிவு சிலருக்குக் கசக்கலாம். வெயில் காலத்தில் இருபது மீனைப் பிடித்து விடுவிப்பதைவிட, சமையலுக்கு இரண்டை எடுத்துக்கொண்டு தூண்டிலைச் சுருட்டுவது ஏரிக்கு நல்லது. பிரசவித்த பெண்ணுக்கும் அறுவைச் சிகிச்சை முடிந்தவருக்கும் ஹருவான் சூப் வைத்துக்கொடுக்கும் ஊர் இது. மீனைத் தின்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தென்னமெரிக்காவிலிருந்து வந்து நம் நீர்நிலைகளில் பெருகிவிட்ட பீகாக் பாஸ் மாட்டினால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். விடத்தான் வேண்டுமென்றால் எதிர்முள் தட்டிய கொக்கி, தாமதமில்லாத இழுப்பு, நீரிலேயே கொக்கியைக் கழற்றுதல், படத்துக்கு ஒரே தூக்கு என்று நிறுத்திக்கொள்ள வேண்டும்.

‘வறட்சியில்தான் மீன் அள்ள அள்ள வருகிறது, ஏரி வளமாகத்தானே இருக்கிறது?’ என்றும் சொல்கிறார்கள். அள்ள வருவது உண்மைதான், காரணம்தான் வேறு. பரந்து கிடந்த மீன் ஒரே ஓடைவாயில் வந்து முடங்கும்போது தூண்டில் போட்ட இடமெல்லாம் மாட்டும். மொத்தம் பாதியாகக் குறைந்துபோன பிறகும், மிச்சமுள்ளவை ஒரே இடத்தில் நெருக்கிக்கொண்டு நிற்பதால், குறைந்தது யாருக்கும் தெரியாது. கிடைக்கும் எண்ணிக்கையை நம்பி ஏரியின் நலத்தை எடைபோடுவதற்கு வறட்சிக்காலம் மிக மோசமான காலம். வரம்பு தேவைப்படுவதும் மீன் எளிதாகக் கிடைக்கும் அந்த வாரங்களில்தான்.

இனி மனிதரைப் பார்ப்போம். பெர்லிஸ் மாநிலத்தின் சூப்பிங்கில் 1998 ஏப்ரல் 9-ஆம் நாள் பதிவான 40.1 டிகிரிதான் மலேசியாவின் உச்ச வெப்பம். பெர்லிஸ் நமக்கு அண்டை மாநிலம். 2016 ஏப்ரலில் பெர்லிஸிலும் கெடாவின் சில பகுதிகளிலும் வெப்பத்தால் பள்ளிகளையே மூடினார்கள். மூன்று நாள் தொடர்ந்து 35 முதல் 37 டிகிரிவரை இருந்தால் முதல் நிலை எச்சரிக்கை, 37-லிருந்து 40 வரை வெப்ப அலை, அதற்கு மேல் கடும் வெப்ப அலை என்று வானிலைத் துறை வகுத்திருக்கிறது. இந்த எண்கள் நிழலில் அளந்தவை. கூரையில்லாத படகில் மேலிருந்து வெயிலும், நீரில் பட்டுத் திரும்பும் ஒளியும் சேர்ந்து தாக்கும். ஈரக்காற்றில் வியர்வை உலராததால் உடம்பு ஆறாது. இரத்த அழுத்தத்துக்கு நீர்பிரியும் மாத்திரை எடுப்பவருக்கும், படகில் பியர் குடிப்பவருக்கும் நீரிழப்பு இன்னும் விரைவாக வரும். பேச்சுக் குழறி, நடை தடுமாறி, உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் அது வெப்பத்தாக்கம். சாலையே எட்டாத ஏரியின் நடுவில் அது உயிர்போகும் காரியம்.

11 மணி என்று ஏன் சொல்கிறேன் என்பதற்கு நம் கடிகாரமே காரணம். மலேசிய நேரம் நம் தீர்க்கரேகைக்கு முந்தி ஓடுவதால், பிப்ரவரியில் கெடாவில் சூரியன் ஏழரை மணியை ஒட்டித்தான் எழுகிறது. உச்சிக்கு வர ஒன்றேகால் மணி தாண்டிவிடும். ஆகவே ஏழிலிருந்து பதினொன்றுவரை நான்கு மணி நேரம் நல்ல பொழுது கிடைக்கிறது, நீரும் இரவெல்லாம் ஆறியிருக்கும். மாலையில் போகலாமே என்றால், மேல்நீர் மிகச் சூடாக இருப்பது பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்து மணிக்குள். ஏப்ரல் வந்துவிட்டால் மாலைகளில் இடியும் மின்னலும் சேர்ந்துகொள்ளும். இன்றைய தூண்டில் கம்புகளில் பெரும்பாலானவை மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் நாரால் ஆனவை. திறந்த நீர்ப்பரப்பில் அதை உயர்த்திப் பிடித்து நிற்பவர் மின்னலுக்கு வழிகாட்டி நிற்கிறார்.

‘தோட்டத்தில் பாடுபட்ட பரம்பரைக்கு வெயில் ஒரு பொருட்டா?’ என்று பெருமையோடு கேட்பவர்களுக்குத் தோட்டமே பதில் சொல்லும். இருட்டோடு ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், விளக்கொளியில் ரப்பர் மரம் சீவினார்களே, எதற்காக? பொழுது ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்கினால் பட்டைக்குள் அழுத்தம் குறைந்து பால் ஓட்டம் மந்தமாகிவிடும். பீடோங்கிலும் செமிலிங்கிலும் நம் தாத்தா பாட்டிகள் வேலையின் நேரத்தை மரத்தின் உடம்பைப் பார்த்து அமைத்துக்கொண்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற அறிவு வெயிலை எதிர்த்து நிற்கும் வீம்பு இல்லை; வெயிலுக்கு முந்திக்கொள்ளும் விவேகம்.

கடைசிக் கேள்விதான் கனமானது: நேரத்தைக் குறைத்தால் வழிகாட்டியின் வயிறு? நாள் கணக்கில் கூலி பேசுகிறவரை, அரை நாளுக்கு அரைக் கூலி என்று இறக்கினால் அவர் ஏன் ஒப்புக்கொள்வார்? நியாயமான அச்சம் இது. நான்கு மணி நேரமானாலும் படகு அதே படகு, ஏரியைப் படித்த ஆண்டுகள் அதே ஆண்டுகள். எட்டு மணி நேரத்தில் விழும் மீனில் பெரும்பகுதி எப்படியும் காலையில்தான் விழுகிறது. மிச்சப் பொழுது கொதிக்கும் நீரில் எரிபொருளை எரிப்பதுதான். ஆகவே காலைப் பயணத்துக்கு ஏறக்குறைய முழுக் கூலி கேட்பதும் கொடுப்பதும் முறை. ஏரி ஓய்ந்துபோனால் ஒரு கூலியும் இருக்காது என்பதை வழிகாட்டியே எல்லாரையும்விட நன்றாக அறிவார். அவரை நாள் முழுக்க வெயிலில் நிறுத்துவது பெரும்பாலும் வாடிக்கையாளரின் வற்புறுத்தல்தான்.

ஏரிவரை போக முடியாதவர்கள் சுங்கைப்பட்டாணி வட்டாரத்தில் காசு கட்டிப் பிடிக்கும் குளங்களுக்குப் போகிறார்கள். அங்கே கணக்குச் சற்று மாறும். பாசி மண்டிய சிறு குளத்தில் இரவெல்லாம் பாசியும் மீனும் சேர்ந்து மூச்சுவிடுவதால், ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது விடியலில்தான். மீன்கள் வாயைத் திறந்துகொண்டு மேல்மட்டத்தில் தவித்தால் அன்று தூண்டிலை எடுக்காமல் திரும்புவதே சரி; நீரில் காற்றைக் கலக்கும் சக்கரம் ஓடுகிறதா என்று பார்த்துப் பணம் கட்டலாம்.

அடுத்த விடுமுறைக்குப் படகு பேசும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: எத்தனை மணிக்குக் கரை சேர்ப்பீர்கள்? படகில் நிழலும் குடிநீரும் உண்டா? குஞ்சோடு இருக்கும் தோமானை விட்டுவைப்பீர்களா? ஆளுக்கு எத்தனை மீன்? தயங்காமல் பதில் சொல்லும் வழிகாட்டிக்கு, இன்னொருவர் குறைத்துக் கேட்டாலும், அவர் கேட்ட கூலியையே கொடுங்கள். அதிக மீன் காட்டுபவரை நாம் இதுவரை கெட்டிக்காரர் என்று கொண்டாடினோம். நேரத்தோடு நம்மைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்ப்பவரைக் கொண்டாடத் தொடங்கினால், அந்தத் தொழிலும் ஏரியும் நம் பிள்ளைகளுக்கும் இருக்கும்.