வழிப்போக்கனும் நகரத்து இரவும்

ஒரு நகரத்தின் பெருமையை அறிய விரும்புவோர் அதன் மாளிகைகளையும் அகன்ற வீதிகளையும் பகற்பொழுதில் சுற்றிப் பார்ப்பது வழக்கம். அங்ஙனம் பார்த்தல் நன்றே. ஆயினும் அது போதாது. கையில் சிறிது பொருளும் தோளில் ஒரு மூட்டையுமாக, அறிந்தார் எவருமின்றி நள்ளிரவில் வந்திறங்கும் ஒருவனை அந்நகரம் எவ்வாறு ஏற்கின்றது என்பதனையும் காணுதல் வேண்டும். அவன் வேண்டுவன மூன்றே: தலை சாய்க்க ஓர் இடம், பசி தீர ஒருவேளை உணவு, அச்சமின்றி நடக்க ஒரு தெரு. சென்னையும் அதன் தென்புறத்துப் புறநகர்களும் இம்மூன்றையும் முன்னர் எவ்வாறு அளித்தன, இன்று எவ்வாறு அளிக்கின்றன, இனி எவ்வாறு அளித்தல் கூடும் என்பவற்றை ஒருவாறு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரவு வாழ்க்கை என்ற அளவிலேயே நம்மிற் பலர் முகஞ்சுளிப்பர். மதுக்கடையும் ஆடலரங்குமே அவர் நினைவிற்கு வருதலே காரணம். நம் முன்னோர் நகரத்து இரவை அத்துணைச் சுருக்கிக் கண்டாரல்லர். மதுரைக்காஞ்சி பகற்கடை வீதியை நாளங்காடி என்றும் இரவுக்கடை வீதியை அல்லங்காடி என்றும் பிரித்துக் கூறுகின்றது. யாமந்தோறும் நகரில் நிகழ்வனவற்றையும், உறங்காது ஊர்காக்கும் காவலரையும் விரித்துரைக்கின்றது. மணிமேகலையில் காவிரிப்பூம்பட்டினத்து உலகவறவி என்னும் அம்பலத்தைக் காண்கின்றோம். பற்றுக்கோடில்லாத எவரும் அங்குத் தங்கலாம். மணிமேகலை அமுதசுரபி ஏந்திப் பசித்தோர்க்கு உணவளித்ததும் அவ்விடத்தேதான். கடையும் காவலும் உணவும் உறையுளும் ஒருங்கே அமைந்த இரவையே நம் இலக்கியம் நகரத்து இரவாகக் கொண்டது என்பது இவற்றால் விளங்கும்.

வழிப்போக்கர் தங்குமிடங்களுக்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு. அம்பலம் என்பது ஊர்ப்பொது மன்றம். சாவடி என்பது தூணும் கூரையும் உடைய தங்குமிடம். ஆங்கிலேயர் சௌல்ட்ரி என வழங்கிய சொல் இதன் திரிபே என்பர். மடம் பெரும்பாலும் துறவிகளுக்கும் அடியார்களுக்கும் உரியது. உறையுளோடு உண்டியும் அளிப்பது சத்திரம். மதுரையில் புகைவண்டி நிலையத்திற்கு எதிரே இராணி மங்கம்மாள் பெயரால் விளங்கும் சத்திரத்தை அறியாத தென்னாட்டார் இலர்.

சத்திரத்தின் நோக்கம் யாது என்பதை அறிய விரும்புவோர், தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி 1801-ஆம் ஆண்டில் ஆங்கிலேயப் பிரதிநிதியாகிய டோரினுக்கு எழுதிய கடிதத்தை நோக்குதல் வேண்டும். இராமேசுவரம் செல்லும் வழியில் தம் முன்னோரும் தாமும் அமைத்த சத்திரங்கள் இடையூறின்றி நடைபெற வேண்டும் என்பதே அக்கடிதத்தின் வேண்டுகோள். அங்கு நடைபெறும் அறங்களை அவர் ஒவ்வொன்றாகக் கூறுகின்றார். எச்சாதியார்க்கும் உணவு உண்டு. சமைத்த சோற்றை உண்ண விரும்பாதவர்க்கு அரிசியும் பிற பண்டங்களும் கொடுக்கப்படும். நோயுற்றார்க்கு மருத்துவரும், குழந்தைகட்குப் பாலும் உண்டு. இவற்றினும் யாம் வியந்த செய்தி ஒன்றுளது. நள்ளிரவு வரை உணவு வழங்கியபின் சத்திரத்தில் மணி ஒலிக்கப்படும்; இதுகாறும் உண்ணாதார் எவரேனும் உளரேல் வருக என்று கூவி அழைக்கப்படும்; வந்தார்க்கு உணவிட்ட பின்னரே அன்றைய அறம் நிறைவெய்தும். கதவை அடைப்பதற்கு முன் வெளியே எவரேனும் நிற்கின்றனரா என்று பார்க்கும் அந்த ஒரு செயலிலேயே விருந்தோம்பலின் உயிர் இருக்கின்றது.

எல்லாச் சத்திரங்களும் அத்தகையன அல்ல என்பதனையும் மறைத்தல் கூடாது. ஒரு குலத்தார்க்கே உரியனவாகப் பல இருந்தன. சிலவற்றில் ஒருசாரார்க்கு உள்ளறையும், மற்றொரு சாரார்க்குப் புறத்திண்ணையும், வேறு சிலர்க்கு வாயிலுக்கு வெளியே நிற்றலுமே கிடைத்தன. ஆதலின் குறைந்த செலவு என்பது ஒரு விடுதியின் பாதிச் சிறப்பே; கதவு யாவர்க்கும் திறக்கின்றதா என்பது மற்றப் பாதி.

இனிச் சென்னைக்கு வருவோம். 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் நகரின் வடபுறத்தே கஞ்சி வார்க்கத் தோன்றியது மணியக்காரர் சத்திரம். அச்சத்திரத்தினின்றே பிற்காலத்தில் ஸ்டான்லி மருத்துவமனை வளர்ந்தது. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று மக்கள் அதனை வழங்கியதன் காரணம் இதுவே. பின்னர் இருப்புப்பாதை வந்தது. நடந்தும் வண்டியிலும் வந்த காலத்தில் சத்திரங்கள் நெடுவழிகளில் அமைந்தன; புகைவண்டி வந்தபின் அவை நிலையங்களை நாடின. சென்னை மத்திய நிலையத்திற்கு எதிரே சர் சவலை இராமசாமி முதலியார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டுவித்த சத்திரம் இதற்குச் சான்றாகும்.

ஏறக்குறைய அதே காலத்தில் வேறொரு முறையும் மேல்நாட்டினின்று வந்தது. இலண்டன் மாநகரத்துத் துணிக்கடையொன்றில் வேலை பார்த்த ஜார்ஜ் வில்லியம்ஸ் என்னும் இளைஞர், நாட்டுப்புறத்திலிருந்து வந்து நகரத்தில் தனித்து வாழும் தம்மையொத்த இளைஞர்க்குத் துணையாக 1844-ஆம் ஆண்டில் கிறித்தவ வாலிபர் சங்கத்தைத் தோழர்களுடன் நிறுவினார். அச்சங்கம் 1890-ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றியது. சத்திரம் செல்வர் அளிக்கும் கொடை. சங்கத்து விடுதியோ தங்குவோர் சிறு கட்டணம் கொடுத்து உறுப்பினர் போல வாழும் இல்லம். இவ்வேறுபாடு சிறிதன்று. கொடையை ஏற்க நாணுவோனும் கட்டணம் கொடுத்துத் தலைநிமிர்ந்து தங்கலாம் அன்றோ?

இவ்விரண்டினும் வேறாகிய மூன்றாவது முறையே, முதுகில் மூட்டை சுமந்து உலகஞ் சுற்றும் இக்கால இளைஞர் தங்கும் விடுதிகளுக்கு வித்தாயிற்று. ஜெர்மனி நாட்டுப் பள்ளியாசிரியராகிய ரிச்சர்டு ஷிர்மன் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தம் மாணவருடன் நடைப்பயணம் சென்றார். வழியில் கடும் இடிமழை பிடித்துக்கொண்டது. ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடத்தில் அனைவரும் ஒதுங்கி இரவைக் கழித்தனர். விடுமுறைக் காலத்தில் வீணே பூட்டிக் கிடக்கும் பள்ளிகளை நடந்து வரும் சிறுவர்க்குத் தங்குமிடமாக்கினால் என்ன என்ற எண்ணம் அவ்விரவில் அவர்க்கு உதித்தது. 1912-ஆம் ஆண்டில் ஆல்டெனா என்னும் ஊரின் பழங்கோட்டையில் நிலையான விடுதியொன்று திறக்கப்பட்டது. இளைஞர் விடுதி இயக்கம் அங்கிருந்து உலகெங்கும் பரவியது. நம் அடையாற்று இந்திரா நகரிலும் அவ்வகை விடுதியொன்று அமைந்தது.

இவ்விடுதிகளில் செலவு குறைவதன் காரணம் எளிது. விருந்தினர் மாளிகையில் அறை வாடகைக்கு விடப்படுகின்றது. இங்கோ கட்டில் வாடகைக்கு விடப்படுகின்றது. ஓர் அறையில் எட்டுப் பேர் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த கட்டில்களில் துயில்வர். சமையலறையும் குளியலறையும் பொது. தன் படுக்கையைத் தானே விரித்து, தான் உண்ட கலத்தைத் தானே கழுவுவதால் ஏவலாளர் செலவும் இல்லை. இவ்வொழுங்கினால் பணம் மிஞ்சுவதோடு நட்பும் வளர்கின்றது. பல நாட்டார் ஒரு மேசையில் அமர்ந்து உண்ணும்போது ஒருவர் ஊரைப் பற்றி மற்றவர் அறிகின்றனர்.

நம் நகரத்திலும் இதற்கு நிகரான வழக்கமொன்று தானே தோன்றியது. திருவல்லிக்கேணியின் மேன்சன்களையே குறிக்கின்றோம். வெளியூரிலிருந்து வேலை தேடி வந்த மணமாகாத ஆடவர், சிற்றறைகளைப் பகிர்ந்துகொண்டு, தெருமுனை மெஸ்ஸில் உண்டு, ஆண்டுக்கணக்கில் அங்கு வாழ்ந்துள்ளனர். அதே திருவல்லிக்கேணியில் வல்லப அக்கிரகாரத் தெருவிலுள்ள பிராட்லேண்ட்ஸ் என்னும் பழைய விடுதி, செலவைச் சுருக்கிப் பயணஞ் செய்த வெளிநாட்டார் பலர்க்கு நெடுங்காலம் இருப்பிடமாயிற்று. தொழிற்கூடங்களும் கணினி நிறுவனங்களும் தெற்கே பெருகப் பெருக, மேன்சன் வாழ்க்கையும் வேளச்சேரி, பெருங்குடி, தாம்பரம் என்று தெற்கு நோக்கி நகர்ந்துள்ளது. ஆயினும் இப்புதிய விடுதிகள் மாதக்கணக்கில் தங்குவோர்க்கே பெரிதும் உரியன. ஓரிரவு தங்க வந்தவனுக்கு அவற்றில் இடம் அரிது.

ஓரிரவு தங்க வருவோரோ நம் பகுதியில் மிகுந்து வருகின்றனர். 1931-ஆம் ஆண்டு மே மாதத்தில் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கிய காலத்தில் இவ்வூர் நகரத்தின் கடைசி நிறுத்தம். இன்றோ அது நகரத்தின் தலைவாயில். 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறக்கப்பட்டபின், தென்மாவட்டப் பேருந்துகள் பலவும் கோயம்பேடு வரை செல்லாது தாம்பரத்திற்குத் தெற்கிலேயே நின்றுவிடுகின்றன. நேர்முகத் தேர்விற்கு வரும் பட்டதாரியும், சானடோரியம் மருத்துவமனைக்கு நோயாளியை அழைத்து வரும் தாயும் இரவு இரண்டு மணிக்கு இறங்குகின்றனர் என்று கொள்வோம். மின்சார இரயிலோ நள்ளிரவையொட்டி நின்றால் விடியற்காலத்திலேதான் மீண்டும் ஓடும். இரயில் நிலையத்து ஓய்வறை பயணச்சீட்டு உடையார்க்கே உரியது. பேருந்தில் வந்தவர்க்கு அது கிடையாது. எனவே பலர் நிலையத்துத் தரையில் துண்டை விரித்து விடியும்வரை காத்திருக்கின்றனர்.

பணம் உண்டெனினும் கதவு திறவாத நிலைகளும் உள. தனித்து வந்த பெண்ணுக்கு அறை இல்லை என்று கூறும் லாட்ஜுகள் இன்றும் இருக்கின்றன. வெளிநாட்டார் தங்கினால் அச்செய்தியை அரசினர்க்கு அறிவித்தல் வேண்டும் என்பது சட்டம். அத்தொல்லைக்கு அஞ்சிச் சிறு விடுதிக்காரர் பலர் அவரை ஏற்பதில்லை. இருள் சூழ்ந்த இக்காட்சியில் ஒளியும் இல்லாமல் இல்லை. பெண்களுக்கென நெடுங்காலமாகக் கிறித்தவ இளம்பெண்கள் சங்கத்தின் விடுதி பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நடைபெறுகின்றது. அண்மை ஆண்டுகளில் மாநில அரசு பணிபுரியும் மகளிர்க்கெனத் தோழி என்னும் பெயரால் விடுதிகளை அமைத்துள்ளது. அவற்றுள் ஒன்று நம் தாம்பரத்தில் உள்ளது. குறுகிய காலம் தங்குவோர்க்கும் அவ்விடுதிகளில் இடமளிக்கப்படுகின்றது.

இனி உணவும் தெருவும். 2013-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகங்களில் இட்டலி ஒன்று ஒரு ரூபாய்க்குக் கிடைத்தது. ஏழை வழிப்போக்கனுக்கு இதனினும் பெரிய உதவி வேறில்லை. ஆனால் நள்ளிரவில் அவை திறந்திருப்பதில்லை. 2019-ஆம் ஆண்டில் தமிழக அரசு, பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் கடைகள் நாள் முழுதும் இரவும் பகலும் திறந்திருக்கலாம் என்று மூன்றாண்டுக்கு ஆணை பிறப்பித்தது. 2022-ஆம் ஆண்டில் அதனை நீட்டித்தது. நன்மையான ஆணையே. ஆயின் வழிப்போக்கன் தேடுவது இருவர் நடத்தும் தேநீர்க் கடையை. பத்துப் பேர் இல்லாத அக்கடை அவ்வாணையின் எல்லைக்குள் வாராது. இரவுக்கடை என்பது உண்பார்க்கு மட்டுமன்று, நடப்பார்க்கும் உதவுவது. விளக்கெரியும் ஒரு கடை, அத்தெருவில் தனித்துச் செல்லும் பெண்ணுக்கு ஒரு காவற்கூடம் போன்றது. கோயம்பேட்டில் காய்கறி மூட்டை இறக்குவோரும், காசிமேட்டில் விடியுமுன் மீன் ஏலம் எடுப்போரும் அச்சமின்றி நடமாடுவது, அங்கே பலர் விழித்திருத்தலாலும் கடைகள் திறந்திருத்தலாலுமே. இதுவே நாம் வேண்டும் இரவு வாழ்க்கை, அல்லங்காடியும் இதுவே.

இவ்வளவும் கூறியபின், நாம் செய்யத்தக்கது யாது என்ற வினா எழுகின்றது. அரசினரே அனைத்தும் செய்க என்று கூறி அமைதல் மாணவர்க்கு அழகன்று. ஷிர்மன் கண்டது பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடம். நம்மிடமும் அத்தகையது ஒன்று உளது. 1937-ஆம் ஆண்டில் நம் கல்லூரி தாம்பரத்திற்கு வந்தபோது சேலையூர், புனித தோமையர், பிஷப் ஹீபர் என்னும் மூன்று மாணவர் இல்லங்கள் எழுந்தன. மறு ஆண்டு டிசம்பரில் உலக மிஷனெரி மாநாடு இங்குக் கூடிய காலை, 60-க்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து 400-க்கு மேற்பட்டோர் வந்தனர். அவர்கட்கு இடமளித்தவை விடுமுறையில் ஒழிந்திருந்த அவ்வில்லங்களே. இன்றும் கோடை விடுமுறையில் அறைகள் பெரும்பாலும் ஆளின்றி இருக்கின்றன. இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் பல விடுமுறையில் மாணவர் அறைகளைப் பயணிகட்குக் குறைந்த வாடகைக்கு விடுகின்றன. நாமும் ஓர் இல்லத்தின் ஒரு பகுதியையேனும், கோடையில் தேர்வெழுதவும் வேலை தேடவும் மருத்துவம் நாடியும் வரும் இளைஞர்க்குத் திறந்து வைத்தல் கூடாதோ?

காவல் என்னாவது, செலவுக்கு என் செய்வது என்று பெரியோர் வினவுதல் இயல்பு. அடையாளச் சீட்டைக் கண்டு பெயர் பதிவு செய்யலாம்; மூன்றிரவுக்கு மேல் தங்கலாகாது என்று வரையறுக்கலாம்; மின்சாரமும் துப்புரவும் ஆகும் அளவிற்குக் கட்டணம் வாங்கலாம்; விடுமுறையிலும் இங்கே தங்கும் மாணவர் முறைவைத்துத் தொண்டு செய்யலாம். மகளிர் விடுதியிலும் இங்ஙனமே ஒரு பகுதியை ஒதுக்கின், இரவில் தனித்து வந்திறங்கும் பெண்டிர்க்கு அஃது எத்துணைப் பேருதவியாகும்! பழைய மாணவர் இதற்கு ஓரளவு பொருளுதவி செய்ய முன்வருவர் என்று நம்புகின்றோம். தாம் முதன்முதல் தாம்பரத்தில் பெட்டியுடன் இறங்கிய நாளை அவருள் மறந்தார் யார்?

பெருஞ்செல்வம் உடையார் மட்டுமே செய்யத்தக்கது விருந்தோம்பல் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. தஞ்சைச் சத்திரத்து அறம் சோற்றின் மிகுதியால் மட்டும் சிறந்ததன்று; உறங்கப் போகுமுன் ஒருமுறை வெளியே நோக்கி அழைத்ததனாலேயே சிறந்தது. அம்மணியை ஒலிக்கப் பொன்னும் நிலமும் வேண்டா. இருக்கும் கதவைத் திறக்கும் மனம் இருப்பின் போதும். அம்மனம் நம் இல்லங்களில் உண்டாகுக. தாம்பரத்தில் இரவில் வந்திறங்குவோர் இனி வெறுந்தரையில் விடியலை எண்ணிக் கிடவாதிருப்பாராக.