ஹிப்னாடிசம்: மந்திரமா, மருத்துவமா?



சாலை விபத்தில் உயிர் தப்பிய இளைஞர் ஒருவரின் தந்தை, ஜும்ஆவுக்குப் பின் என்னைச் சந்தித்தார். மகன் பேருந்தில் ஏறவே அஞ்சுகிறார்; இரவில் உறக்கமில்லை. வழக்கமான மனநல சிகிச்சையோடு ஹிப்னாடிசத்தையும் சேர்த்துச் செய்யலாம் என மருத்துவர் கூறியிருக்கிறார். "ஹஜ்ரத், இது சூனியமாகாதா?" என்று கலக்கத்தோடு கேட்டார். இக்கேள்வி பலரது உள்ளத்திலும் இருப்பதால் சற்று விரிவாகக் காண்போம்.

18ஆம் நூற்றாண்டில் மெஸ்மர் என்னும் மருத்துவர், உடலில் ஒருவகைக் காந்த சக்தி ஓடுவதாகவும், அதைத் தம்மால் சீராக்க முடியும் என்றும் கூறிவந்தார். 1784இல் பிரெஞ்சு மன்னர் அமைத்த அறிஞர் குழு இதனை ஆராய்ந்தது. அப்படியொரு சக்திக்குச் சான்றில்லை என்றும், நோயாளிகளிடம் தோன்றிய மாற்றங்களுக்கு அவர்களின் கற்பனையே காரணம் என்றும் அக்குழு முடிவு செய்தது. மாயச் சக்தி என்ற வாதம் அன்றே வீழ்ந்தது. மனம் உடலைப் பாதிக்கிறது என்ற உண்மை மட்டும் எஞ்சியது.

1843இல் ஜேம்ஸ் பிரெய்டு என்ற அறுவை மருத்துவர், உறக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதற்குப் பெயரிட்டு நூல் எழுதினார். இது உறக்கமன்று, ஒரே எண்ணத்தில் மனம் குவியும் நிலையே என்பதைப் பின்னர் அவரே உணர்ந்தார். 1955இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இதன் மருத்துவப் பயனை ஏற்றுக்கொண்டது.

சிகிச்சையில் நடப்பது என்ன? நோயாளி கண்களை மூடி, மூச்சில் கவனம் செலுத்தி, உடலைத் தளர்த்துகிறார். மருத்துவர் அமைதியான ஒரு காட்சியைக் கற்பனை செய்யச் சொல்கிறார். பின்னர், அஞ்சும் சூழலைச் சிறிது சிறிதாக மனத்தில் எதிர்கொள்ளப் பழக்குகிறார். நோயாளிக்குச் சுயநினைவு இருக்கிறது. பேச்சு காதில் விழுகிறது. விரும்பாததை மறுக்கவும் இயலும். இதில் மந்திர உச்சாடனமில்லை, தாயத்தில்லை, மறைவான சக்தியிடம் உதவி தேடுதலுமில்லை. எனவே இதனைச் சூனியம் என்பது பொருந்தாது.

ஆயினும் இது தனி மருத்துவமன்று, துணைக் கருவியே. சிந்தனையையும் நடத்தையையும் சீர்படுத்தும் சிகிச்சையோடு இதனைச் சேர்த்த 18 ஆய்வுகள் 1995இல் தொகுத்துப் பார்க்கப்பட்டன. இதனைச் சேர்த்துப் பெற்ற சராசரி நோயாளி, சேர்க்காதவர்களுள் 70 விழுக்காட்டினரை விடக் கூடுதல் முன்னேற்றம் கண்டிருந்தார். எனினும் எல்லா நோய்க்கும், எல்லா மனிதர்க்கும் இதே அளவு பலன் கிட்டும் எனக் கொள்ளலாகாது. இந்நிலைக்கு எளிதில் ஆட்படுவோரும் உண்டு; ஆட்படாதோரும் உண்டு.

சில எச்சரிக்கைகளும் அவசியம். இல்லாத குரல் கேட்பது போன்ற கடும் மனநோய் உடையோருக்கு இம்முறை தீங்காகலாம். மறந்த நினைவுகளை மீட்கிறேன் என்று இதனைக் கையாள்வதும் ஆபத்தே. நடக்காததை நடந்ததாக நோயாளி உறுதியாக நம்பிவிடக் கூடும். மருத்துவர் தந்த மாத்திரைகளைத் தாமாக நிறுத்தலாகாது. இதே பெயரைச் சொல்லி ஜின்னை விரட்டுவதாகக் காசு பறிப்போரிடமும், மேடையில் வேடிக்கை காட்டுவோரிடமும் நோயாளியை ஒப்படைக்கலாகாது.

அந்தத் தந்தையிடம் நான் கூறியதும் இதுவே: "மனநலத்தில் முறையாகப் பயின்றவரா என விசாரியுங்கள், மகனின் சம்மதத்தைக் கேளுங்கள், துஆவையும் விடாதீர்கள், மருத்துவத்தையும் விடாதீர்கள்." மனநோயை மறைத்து வைப்பது மானம் காப்பதாகாது. நம் பொறுப்பில் உள்ளவர்களின் உடல் மட்டுமன்றி உள்ளமும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே.

வல்ல அல்லாஹ் நோயுற்ற அனைவருக்கும் பூரண சுகத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.