பாணந்துறைக் குரங்கும் நம் வீட்டு மின்விளக்கும்

2025 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 9 ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் 11 மணி கழிந்த சிறிது நேரத்துக்குள் இலங்கைத் தீவு முழுவதிலும் மின்சாரம் நின்று போனதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியோடு தொடுகையுற்றமையே காரணமென மின்சக்தி அமைச்சர் குமார ஜயக்கொடி அன்றே தெரிவித்தார். மாலைக்குள் மின்சாரம் பெரும்பாலும் மீண்டுவிட்டது. ஆனால் குரங்கைப் பற்றிய பேச்சோ வாரக் கணக்கில் ஓயவில்லை.

நம்மவர்க்கு இலங்கையையும் குரங்கையும் ஒருசேரச் சொல்லிவிட்டால் வேறென்ன வேண்டும்? அன்று வாலில் நெருப்பிட்டு எரித்தவன் வழித்தோன்றல் இன்று விளக்கை அணைத்துப் பழிதீர்த்தான் என்று தேநீர்க்கடை தொடக்கம் திருமண வீடு வரை நகையாடினார்கள். நாமும் சிரித்தோம். சிரிப்பதிற் குற்றமில்லை. ஆயினும் சிரிப்பு அடங்கியபின் எழுந்திருக்க வேண்டிய வினாவைப் பலரும் எழுப்பவில்லை என்பதே நமது குறை.

குரங்கு மின்சாரத்தை நிறுத்தியது உலகில் அதுவே முதற்றடவையுமன்று. 2016 ஆம் ஆண்டு ஜூன் 7 ஆந் திகதி கென்யாவின் கித்தாரு மின்நிலையத்திற் குரங்கொன்று கூரையிலிருந்து மின்மாற்றியின் மேல் விழுந்தது. 180 மெகாவாற்றுக்கு மேற்பட்ட உற்பத்தி அறுபட்டு, நாடு முழுவதும் மூன்று மணி நேரத்துக்கு மேல் மின்சாரமின்றிக் கிடந்தது. அந்தக் குரங்கு உயிர்தப்பி வனவிலங்குச் சேவையினரிடம் ஒப்படைக்கப்பட்டதாம். நம் நாட்டிலேயே 2020 ஆகஸ்ட் 17 இற் கெரவலப்பிட்டிய உப மின்நிலையத்திற் பராமரிப்பு வேலையின்போது நேர்ந்த கைத்தவறினாலும், 2023 டிசம்பர் 9 இற் கொத்மலை - பியகம மின்கம்பித் தொடர் செயலிழந்தமையினாலும் தீவு முழுவதும் மின்சாரம் அற்றுப்போயிற்று. ஒருமுறை குரங்கு, ஒருமுறை மனிதன், ஒருமுறை கம்பி. காரணம் வெவ்வேறு, விளைவு ஒன்றே. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது என்பார்கள். பழத்தின் காம்பு முன்னமே தளர்ந்திருந்தது என்பதல்லவா அதன் உட்பொருள்?

நிற்க. காம்பு தளர்ந்த விதத்தை அறிய வேண்டுமாயின் மின்சாரம் எவ்வாறு ஓடுகின்றது என்பதைச் சிறிது நோக்குதல் வேண்டும். நீரைத் தொட்டியிற் சேர்ப்பதுபோல மின்சாரத்தைக் கம்பியிற் சேர்த்து வைக்க இயலாது. நாம் விளக்கைப் போடும் அதே கணத்தில் எங்கோ ஒரு மின்பிறப்பாக்கி அதற்குரிய அளவை உற்பத்தி செய்தே ஆகவேண்டும். செலவும் வரவும் கணந்தோறும் சமனாயிருக்கும்வரை மின்னோட்டத்தின் மீடிறன் செக்கனுக்கு 50 சுற்றாக நிலைத்து நிற்கும். வரவு குறைந்தால் மீடிறன் தாழும். அளவுக்கு மிஞ்சித் தாழ்ந்தால் மின்பிறப்பாக்கிகள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே விலகிவிடும். ஒன்று விலக, மற்றதன் மேற் பாரம் ஏறும், அதுவும் விலகும். வரிசையாக நிறுத்திய செங்கற்கள் ஒன்றையொன்று தள்ளி வீழ்வதுபோல முழு அமைப்பும் சில செக்கன்களில் வீழ்ந்துவிடும்.

அவ்வீழ்ச்சியைத் தாமதிக்கச் செய்வது எது? நம் வீட்டுத் தையற்பொறியைப் பாருங்கள். மிதிப்பதைச் சற்றே நிறுத்தினாலும் சில்லு உடனே நிற்பதில்லை. சில தையல்கள் ஓடிய பின்னரே நிற்கின்றது. தடித்த துணியின் மடிப்புக் குறுக்கிட்டாலும் ஊசி திணறாமல் அதைத் தாண்டிச் செல்வது அச்சில்லின் பாரத்தினாலேயே. இதனையே மாணவர்கள் பௌதிகவியலிற் சடத்துவம் எனப் படிக்கின்றார்கள். நுரைச்சோலை அனல் மின்நிலையத்திற் சுழலும் பொறி நிமிடத்துக்கு 3000 முறை சுழல்வது. பெரும் பாரமுடைய இரும்பு. நீர்மின் நிலையங்களிலும் அவ்வாறே பெருஞ் சுழலிகள் உண்டு. எங்கோ ஒரு குறை நேர்ந்தால், இவை தம் சுழற்சியிற் சேமித்த வலுவைச் சில செக்கன்களுக்குக் கடனாகத் தருகின்றன. அச்சில செக்கன்களுக்குள் வேறு நிலையங்கள் தம் உற்பத்தியைக் கூட்டிக்கொள்ளும்.

கூரைகளில் நாம் பொருத்தியுள்ள சூரிய மின்படலத்திலோ சுழல்வது ஒன்றுமில்லை. வெயிலை வாங்கி மின்சாரமாக்கிக் கொடுப்பதோடு அதன் கடமை முடிகின்றது. மின்னோட்டத்திற் கோளாறு கண்டால் விலகிக்கொள்ளுமாறே அதனோடிணைந்த கருவி அமைக்கப்பட்டுள்ளது. கம்பியில் வேலை செய்யும் தொழிலாளியின் உயிரைக் காக்க அது வேண்டியதே.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை இப்போது நினைத்துப் பாருங்கள். தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் பூட்டிக்கிடந்தன, தேவை குறைவு. வெயிலோ நன்றாக எறித்தது. மொத்த மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி சூரியனிடமிருந்து வந்துகொண்டிருந்தது. ஆகவே சுழலும் பொறிகள் சிலவே ஓடின, சடத்துவம் குன்றியிருந்தது. மின்சார சபை பின்னர் வெளியிட்ட விளக்கமும் இதையே கூறிற்று. பாணந்துறையில் விழுந்த அடி, தாங்குந் திறன் மெலிந்திருந்த வேளையில் விழுந்த அடி. நுரைச்சோலையின் 300 மெகாவாற்று இயந்திரங்கள் மூன்றும் நின்றன. அனல் மின்நிலையம் நின்றால் அடுப்பை மூட்டுவதுபோல உடனே மூட்டிவிட முடியாது, நாட்கள் செல்லும். அதனாலேதான் அடுத்த இரு நாட்களும் வலயம் வலயமாக ஒன்றரை மணி நேர மின்வெட்டு வந்தது.

இவ்விளக்கம் வெளிவந்ததும் பேச்சு வேறொரு திசையிற் பாய்ந்தது. குரங்கை விட்டுச் சூரியனைப் பிடித்துக்கொண்டார்கள். சூரிய மின்சாரமே நாட்டைக் கெடுத்தது என்றார் ஒரு சாரார். இல்லை, நிலக்கரியை விரும்புவோரின் சூழ்ச்சிப் பேச்சு இது என்றார் மற்றொரு சாரார். இரண்டும் பாதி உண்மையைப் பற்றிக்கொண்டு முழு உண்மையைக் கைவிட்ட வாதங்கள் என்றே நாம் கருதுகின்றோம். வெயில் எறிப்பது எவர்க்கும் புதுச்செய்தியன்று. ஞாயிற்றுக்கிழமை வாரந்தோறும் வருவது. கூரை மின்சாரத்தை ஊக்குவித்த அரசாங்கங்கள், அது பெருகும்போது மின்னமைப்பைத் தாங்க என்ன வேண்டும் என்பதற்கும் அதே வேளையிற் பணம் ஒதுக்கியிருக்க வேண்டாமா?

அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்தபோது, பிற்பகல் 3 மணி வரை கூரைச் சூரிய மின்படலங்களை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை பொதுமக்களை வேண்டிக்கொண்டது. தேவை குறைந்த நாட்களில் மீண்டும் அதே ஆபத்து நேரலாம் என்பதனால். வேண்டுகோள் நியாயமானதே, அவ்வேளையில் அவர்களுக்கு வேறு வழியுமில்லை. ஆனால் வங்கியிற் கடன்பட்டுக் கூரையிற் படலம் பொருத்திய குடும்பத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். மாதத் தவணை நிற்பதில்லை; வெயில் வீணாகின்றது. படலம் பொருத்த வசதியில்லாத அயல்வீட்டாரோ, மின்சாரம் நின்றாற் கிணற்று நீரும் இல்லாமல் அந்தரப்படுகின்றார்கள். இருவரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு, மின்னமைப்பைச் செப்பமிடும் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி மெல்ல நழுவிவிடுகின்றது.

இக்கேள்வியை நமக்கு முன்னரே எதிர்கொண்ட ஓரிடம் தென் அவுஸ்திரேலியா. 2016 செப்டெம்பர் 28 இற் கடும்புயல் மின்கோபுரங்களைச் சாய்த்தது. மாநிலம் முழுவதும் இருளடைந்தது. காற்றாலைகளே காரணமென்றும், அல்ல, புயலே காரணமென்றும் அரசியல்வாதிகள் மறுநாளே மோதிக்கொண்டார்கள். ஆராய்ந்தபோது தெரியவந்தது வேறு. அடுத்தடுத்து மின்னழுத்தம் தாழ்ந்தால் விலகிவிடுமாறு காற்றாலைகள் பலவற்றில் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. மின்னமைப்பை நடத்துவோர்க்கு அது தெரிந்திருக்கவில்லை. அந்த ஏற்பாட்டை மாற்றினார்கள். அதற்குப் பெருஞ்செலவு வேண்டியிருக்கவில்லை. பின்னர் எலோன் மஸ்க் என்னும் செல்வர், உடன்படிக்கை எழுதி 100 நாட்களுக்குள் மின்கலவடுக்கு நிலையம் அமைத்துத் தருவேன், தவறினாற் பணம் வேண்டாம் எனப் பகிரங்கமாகப் பந்தயங் கட்டினார். ஹோன்ஸ்டேல் என்னுமிடத்தில் 100 மெகாவாற்று வலுவுள்ள அந்த நிலையம் 2017 டிசம்பர் முதலாந் திகதி இயங்கத் தொடங்கியது. பந்தயத்தைப் பற்றி உலகமெல்லாம் பேசிற்று.

ஆனால் 2021 இல் அங்கே நிறுவப்பட்ட வேறு நான்கு பொறிகளைப் பற்றிப் பேசினோர் சிலரே. நிலக்கரியின்றி, நீரின்றி, கம்பியில் வரும் மின்சாரத்தினாலேயே சுழன்றுகொண்டிருக்கும் பொறிகள் அவை. மின்சாரம் உற்பத்தி செய்வதில்லை. பாரமான பறப்புச் சில்லொன்றைச் சுழற்றிச் சடத்துவத்தைத் தருவதே அவற்றின் தொழில். தையற்பொறிச் சில்லின் அதே தத்துவந்தான். இவற்றிற் பந்தயமுமில்லை, பரபரப்புமில்லை. செலவுக்கோ மக்கள் கட்டணமாகக் கொடுக்கின்றார்கள். அதனாலே அங்கு மின்னமைப்பின் உறுதியைக் கூட்ட முடிந்தது.

இத்தகைய விடயங்கள் பொறியியலாளர் பார்க்க வேண்டியவை, நமக்கென்ன என்று ஒதுங்குவோர்க்கு ஒருவரை நினைவூட்ட விரும்புகின்றோம். டி. ஜே. விமலசுரேந்திர என்னும் பொறியியலாளர் 1918 இலேயே இலங்கையின் மலையருவிகளிலிருந்து மின்சாரம் பெறலாமெனக் கணக்கிட்டு, பொறியியற் சங்கத்தில் ஆய்வுரை படித்தார். ஆட்சியாளர் ஐயுற்றனர்; தொடங்கிய வேலையும் இடையில் நின்றது. கணக்குச் சரியாயிருந்தும் காரியம் நடவாததைக் கண்ட அவர், ஓய்வு பெற்றபின் 1931 இல் தேர்தலில் நின்று இரத்தினபுரியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றார். அங்கும் நீர்மின் திட்டத்தையே வலியுறுத்தினார். அத்தனை காலமும் கொழும்பின் விளக்குகள் பெரும்பாலும் இறக்குமதி செய்த எரிபொருளிலேயே எரிந்தன. லக்ஷபான மின்நிலையம் 1950 இற்றான் திறக்கப்பட்டது. ஆய்வுரை படித்து 32 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவருக்கு வயது எழுபத்தைந்தைத் தாண்டியிருந்தது.