பீரோ சாவியை யார் எடுத்தது?

பெரியப்பா முப்பத்து நான்கு வருடம் கணக்கு எழுதியே பிழைத்தவர். எழுபத்தோராம் வயதில் ஒரு நாள் காலை, பீரோ சாவியைக் காணோம் என்று வீட்டையே புரட்டிப் போட்டார். பிறகு அடுப்படியில் நின்ற பெரியம்மாவிடம், "நீதான் எடுத்து உன் தம்பிகிட்ட குடுத்திருக்கே" என்றார். பெரியம்மா சூடம் அணைத்துச் சத்தியம் செய்தார். மூன்றாம் நாள் சாவி அரிசி டின்னுக்குள் கிடைத்தது. எடுத்துக் காட்டினால், "மாட்டிக்குவோம்னு பயந்து நீயே போட்டிருக்கே" என்றார்.

ஒன்றரை வருடம் அதைப் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றே நாங்கள் நினைத்தோம். டிமென்ஷியா என்று டாக்டர் சொன்ன பிறகுதான் விளங்கியது. 'மறதி நோய்' என்ற பெயரே நம்மை ஏமாற்றிவிடுகிறது. பேர் மறக்கும், வழி மறக்கும் என்று காத்திருக்கிறோம். ஆனால் பலருக்கு முதலில் மாறுவது குணம். டிமென்ஷியாவில் ஒரு வகையான அல்சைமர் நோய்க்கு ஜெர்மன் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906இல் உலகுக்கு எடுத்துச் சொன்ன முதல் நோயாளி 51 வயதுப் பெண். அவரிடம் முதலில் தென்பட்டதே கணவர் மீதான சந்தேகம்தான்.

சாவியை வைத்த இடம் மூளையில் பதியவே இல்லை. ஆனால் சாவி இல்லை என்பது மட்டும் தெரிகிறது. அந்த ஓட்டையை அடைக்க மூளை ஒரு கதை கட்டுகிறது. பக்கத்தில் எப்போதும் இருக்கிற ஆள்தானே கதையில் திருடனாக முடியும்? அதனால்தான் பழி, சோறு போட்டுக் குளிப்பாட்டுகிறவர் தலையிலேயே விழுகிறது. தயவுசெய்து வாதாடாதீர்கள், சத்தியம் செய்யாதீர்கள். பெரியம்மா பின்னாளில் "அப்படியாங்க? வாங்க, சேர்ந்து தேடுவோம்" என்று கூடவே தேட ஆரம்பித்தார். மாற்றுச் சாவி இரண்டு செய்து வைத்தார். பாதி நாள் காப்பி வந்ததும் தேடுவதைப் பெரியப்பாவே விட்டுவிடுவார். பொழுது சாயும்போது பதற்றம் கூடும். அதனால் இருட்டுவதற்கு முன்பே பெரியம்மா விளக்குகளைப் போட்டுவிடுவார்.

இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் 100க்கு ஏழு பேருக்கு மேல், ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்த நோயோடு இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. 'வயசானா அப்படித்தான்' என்று விட்டுவிடுவதில் ஓர் ஆபத்து உண்டு. பி12 சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு, மன அழுத்தம், விழுந்து தலையில் அடிபட்டுத் தேங்கிய ரத்தம் ஆகியவையும் இதே போலத் தோன்றும். இவற்றுக்கு வைத்தியம் இருக்கிறது. ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் சிறுநீர்த் தொற்றோ, புதிதாகத் தொடங்கிய மாத்திரையோ காரணமாக இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தூக்க மாத்திரையை மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். குழப்பமும் கூடும், கீழே விழவும் வைக்கும். ஆவேசத்தை அடக்கத் தரும் சில மனநல மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களின் உயிருக்கே ஆபத்தைக் கூட்டுபவை. எத்தனை நாளைக்கு, ஏன் என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கை நீட்டினால்? அந்த அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். அவர் வாசலை மறித்து நிற்காதீர்கள். அரிவாள்மனை, வண்டிச் சாவி, கேஸ் ரெகுலேட்டர் மீது எப்போதும் ஒரு கண் இருக்கட்டும். பக்கத்து வீட்டில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நோய்தான் அடிக்கிறது என்பது உண்மை. அதற்காக அடியை வாங்கிக்கொண்டு வாயை மூடியிருப்பது மனைவியின் கடமை ஆகாது.

இனி, குடும்பங்கள் காலம் கடந்து கண்டுபிடிக்கிற விஷயம். கணவன் மனைவி என்பதாலேயே ஒருவர் சொத்தையும் கணக்கையும் இன்னொருவர் கையாள முடியாது. 'பவர் எழுதி வாங்கியாச்சே' என்பார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவுப்படி, எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்தப் பவர் செல்லாது. ஆகவே தெளிவு இருக்கிற ஆரம்ப மாதங்களிலேயே வேலையை முடியுங்கள். பென்ஷன் கணக்கை இருவரில் யாரும் இயக்கும்படி கூட்டுக் கணக்காக மாற்றலாம். உயில் எழுதுவதென்றால் இரண்டு சாட்சிகள் வேண்டும். அன்றைய தேதியில் டாக்டர் சான்று ஒன்றும் வாங்கி வையுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தனக்காக முடிவெடுக்க ஒருவரை நோயாளி முன்கூட்டியே நியமிக்கலாம். ஆனால் அது சிகிச்சைக்கு மட்டும்தான், சொத்துக்கு உதவாது. உடல் நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று சொல்வதும் அதே சட்டம்தான்.

காலம் கடந்துவிட்டதா? நீதிமன்றத்தில் பாதுகாவலராக நியமிக்கக் கோரலாம். கோமாவில் இருந்த கணவரின் சொத்தைக் கையாள மனைவியைப் பாதுகாவலராகச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் நியமித்திருக்கிறது. வக்கீல், செலவு, அலைச்சல் எல்லாம் இருக்கிறது. ஆனாலும் வழி இருக்கிறது. இன்னொன்று: இந்த நிலையில் இருப்பவரிடம் கையெழுத்துக் கேட்டு உறவுகள் வருவார்கள். தானசெட்டில்மென்ட் எழுதியே ஆக வேண்டுமென்றால், தெளிவு இருக்கும்போதே, கணவன் மனைவி இருவரையும் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அதை மீறினால், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவில் கோட்டாட்சியரிடம் முறையிட்டுப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

எங்கே கேட்பது என்று திகைப்பவர்கள் முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416 ஆகிய எண்களை அழைக்கலாம். பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். "அம்மா, உடம்பைப் பாத்துக்கோ" என்று போனில் சொன்னால் போதாது. பெரியம்மாவின் மகன் இப்போது ஞாயிறுதோறும் வந்து அப்பாவோடு இருக்கிறான். அந்த மூன்று மணி நேரம் பெரியம்மா எங்கும் போவதில்லை. உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார்.